தாமதத்தைச் சொல்லாமல் மறைப்பதும் மலிவு டிக்கெட்டின் பகுதிதானா?

ராயபுரம் மோட்டார்மேன் (தொடங்கியவர்)

சரக்குக் கப்பலில் எஞ்சின் அறை வேலை எனக்கு. கப்பலில் சேரப் போகும்போது சிங்கப்பூரோ ராட்டர்டாமோ ஃபுஜைராவோ. ஒப்பந்தம் முடிந்து இறங்குவது வேறொரு துறைமுகம். இடையில் மருத்துவப் பரிசோதனை, பயிற்சி வகுப்பு, ஆவண வேலை என்று மும்பைக்கு ஆண்டுக்கு நான்கைந்து நடை. பத்தொன்பது ஆண்டுகளாக இப்படித்தான் பறந்துகொண்டிருக்கிறேன்.

போன வாரம் மும்பையிலிருந்து திரும்பினேன். மாலை 7.10 விமானம். 6.45-க்கு, அரை மணி நேரம் தாமதம் என்று அறிவித்தார்கள். 7.15-க்கு மறுபடியும் அரை மணி. ஐந்து முறை இதே அரை மணி. கடைசியில் கிளம்பியபோது மணி 9.50. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வருவதற்குள் கடைசி மெட்ரோ போய்விட்டது. வண்ணாரப்பேட்டையில் இறங்கி ஷேர் ஆட்டோவில் வீட்டுக்குப் போக வேண்டியவன், வாடகைக் காருக்கு 950 ரூபாய் கொடுத்தேன்.

தாமதம் எனக்குப் புதிதல்ல. துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் பன்னிரண்டு நாள் நங்கூரம் போட்டு நின்றிருக்கிறேன். ஆனால் அங்கே எத்தனை நாள் ஆகும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார்கள். அதற்கேற்பத் தூங்குவோம், துணி துவைப்போம், வீட்டுக்குப் போன் செய்வோம். இங்கே என் பக்கத்தில் கைக்குழந்தையுடன் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பாலுக்கு வெந்நீர் வாங்கக் கடை வரை போக அவருக்குப் பயம், அதற்குள் அழைத்துவிடுவார்களோ என்று. நான் போய் வாங்கி வந்தேன். இரண்டரை மணி நேரம் தாமதம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பெண் நிம்மதியாகப் போய் வந்திருப்பார்.

விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி தெளிவாக இருக்கிறது. இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட பயணம் என்றால், புறப்பாடு 2 மணி நேரம் தாமதித்தாலே உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். எங்களுக்கு 9.30-க்கு, விமானத்தில் ஏற்றும் நேரத்தில், ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் ஒரு பழச்சாறும் கையில் கொடுத்தார்கள். அதுவும் கேட்டவர்களுக்கு மட்டும்.

இருக்கைக்குக் காசு, உணவுக்குக் காசு, கூடுதல் லக்கேஜுக்குக் காசு, எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். உண்மையைச் சொல்வதற்கும் காசா என்பதுதான் என் கேள்வி.

மண்ணடி வணிகர்

தம்பி, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் ஒரு பழைய கதையையும் கேளுங்கள். அந்தமானுக்குச் சரக்கு அனுப்புகிற தொழில் எங்களுடையது. 1990-களில் போர்ட் பிளேருக்கு, இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலில்தான் போவேன். பங்க் வகுப்பு. அறுபது மணி நேரம். கடல் கொந்தளித்தால் பாதிப் பேர் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பார்கள். விமானம் அப்போது அதிகாரிகளுக்கும் பணக்காரர்களுக்கும்தான். 2003-இல் ஏர் டெக்கான் மலிவுக் கட்டணத்தைத் தொடங்கிவைத்த பிறகுதான் என்னைப் போன்றவர்கள் ஏறினோம். இன்று இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். என் கடையில் மூட்டை தூக்கும் பையன் போன ரமலானுக்கு விமானத்தில் ஊர் போய் வந்தான்.

இதைவிடப் பெரிய பயணிகள் சேவை எது, சொல்லுங்கள்.

நன்றாகச் சோறு போட்டு, சிரித்த முகத்துடன் கவனித்த நிறுவனங்களில் இரண்டின் கதி நமக்குத் தெரியும். கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நின்றது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றது. இரண்டிலும் ஊழியர்கள் சம்பள பாக்கிக்காகத் தெருவில் நின்றார்கள். விமான எரிபொருள் இன்னும் ஜிஎஸ்டிக்குள் வரவில்லை. மாநில வரி தனி. இந்தச் சுமைக்கு நடுவே, அதைக் கொடு, இதைக் கொடு என்று ஒவ்வொன்றாக ஏற்றினால் டிக்கெட் விலை ஏறும். முதலில் கீழே இறங்கப் போகிறவன் அந்த மூட்டை தூக்கும் பையன்தான்.

பெரம்பூர் டீச்சர்

பாய் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மகள் டெல்லியில் இருப்பதால் ஆண்டுக்கு ஐந்தாறு முறை போய் வருகிறேன். மலிவு டிக்கெட் இல்லையென்றால் எனக்கும் இரண்டு இரவு ரயில்தான். ஆனால் மலிவு என்ற ஒரு சொல்லை வைத்து எதையும் மூடலாம் என்றால் அதற்கு எல்லை வேண்டாமா? ஒரே ஏ320 விமானத்தில் வகுப்பு பிரித்து நடத்துகிறவர்கள் 160-க்குச் சற்று மேல் இருக்கை வைக்கிறார்கள். மலிவுக் கட்டணக்காரர்கள் 180, 186 வரை வைக்கிறார்கள். வரிசைக்கு வரிசை இடைவெளி 28, 29 அங்குலத்துக்கு வந்துவிட்டது. மூட்டு தேய்ந்த என்னைப் போன்றவர்கள் மூன்று மணி நேரம் முட்டியை மடக்கி உட்கார்ந்து எழுந்தால் டெல்லியில் இறங்கியதும் நடக்க முடிவதில்லை. அமெரிக்காவில் 2018-ஆம் ஆண்டுச் சட்டம், குறைந்தபட்ச இருக்கை அளவை வகுக்கும்படி அங்குள்ள விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு உத்தரவிட்டது. இங்கே அந்தப் பேச்சையே காணோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இது எனக்கு முக்கியம். போன தையில் என் அம்மாவை முதன்முறையாக அழைத்துப் போனேன். வயது 81. வீல்சேர் வேண்டும் என்று 48 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட்டேன். அந்தச் சேவையில் ஒரு குறையும் இல்லை. வீல்சேர் தள்ளிய பிள்ளை, “பாட்டி, காப்பி குடித்தீர்களா?” என்று கேட்டான், அம்மா இன்றைக்கும் அவனைப் பற்றிப் பேசுகிறார். உள்ளே போனதும்தான் வருத்தம். உயிர்காப்பு உடை எங்கே இருக்கிறது, எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதையெல்லாம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொன்னார்கள். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னம்மா சொல்கிறார்கள், ஏதாவது ஆபத்தா?” என்று கேட்டார். சென்னையிலிருந்து கிளம்புகிற விமானம். ஒலிப்பதிவு செய்த தமிழ் அறிவிப்பு ஒன்றைப் போட என்ன செலவாகும்? அம்மா பயந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

மண்ணடி வணிகர்

டீச்சரம்மா, தமிழ் அறிவிப்பில் உங்களோடு நிற்கிறேன். வளைகுடாவிலிருந்து வருகிற எங்கள் பிள்ளைகளில் பலருக்கு அந்த அறிவிப்பு புரிவதில்லை. ஆனால் இருக்கை அளவுக்குச் சட்டம் வேண்டாம். 186 பேர் பகிர்ந்துகொள்கிற செலவை 160 பேர் பகிர்ந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். முட்டி வலிக்கிறவர் கூடுதல் காசு கொடுத்து முன்வரிசையில் உட்காரலாம். வலிக்காதவன் ஏன் கொடுக்க வேண்டும்?

பெரம்பூர் டீச்சர்

வலிக்கிறவர்தான் கொடுக்க வேண்டும் என்பது என்ன நியாயம், பாய்? குழந்தைகள் விஷயத்திலும் இதையேதான் செய்தார்கள். தாயை ஓரிடத்தில், பிள்ளையை ஓரிடத்தில் உட்காரவைத்து, சேர்ந்து உட்காரக் காசு கேட்டார்கள். 12 வயது வரையுள்ள குழந்தைக்குப் பெற்றோரில் ஒருவர் அருகிலாவது இடம் தர வேண்டும் என்று 2024 ஏப்ரலில் இயக்குநரகம் சொன்ன பிறகு என்ன கெட்டுவிட்டது? எந்த நிறுவனமும் அதனால் மூடிக்கொண்டு போகவில்லையே.

எர்ணாவூர்ப் பெண்

மூன்று நாளாகப் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். நான் விமான நிலையத்தில் தரைப் பணியில் இருக்கிறேன். நிறுவனத்தின் சீருடைதான் போட்டிருப்பேன், ஆனால் சம்பளம் தருவது ஒப்பந்தக் கம்பெனி. ராயபுரம் அண்ணா கவுண்டரில் நின்று கோபப்பட்டிருந்தால், அதை வாங்கிக்கொண்டது என்னைப் போன்ற ஒரு பெண்ணாகத்தான் இருந்திருப்பாள்.

ஒரு விமானம் ஒரு நாளைக்கு ஐந்து, ஆறு இடங்களுக்குப் பறக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஆளை இறக்கி, ஆளை ஏற்றிக் கிளம்ப அரை மணி நேரம்தான். காலையில் டெல்லியில் மூடுபனி என்றால் அந்தத் தாமதம் இரவில் சென்னைக்கு வந்து நிற்கும். அதை நான் உண்டாக்கவில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கில் விமானங்கள் ரத்தானபோதும் இப்படித்தான். விமானிகளின் வார ஓய்வை 36 மணி நேரத்திலிருந்து 48 ஆக்கிய விதி 2024 ஜனவரியிலேயே வந்துவிட்டது. அதற்கேற்ப ஆள் சேர்க்காதது மேலே இருப்பவர்கள். திட்டு வாங்கியது கவுண்டரில் நின்றவர்கள். ஒருவர் என் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தார்.

மிக்ஜாம் புயல் நினைவிருக்கிறதா? 2023 டிசம்பர் 4 அன்று ஓடுபாதை தண்ணீரில் மூழ்கி விமான நிலையம் மூடப்பட்டது. மறுநாள் காலைதான் திறந்தார்கள். முந்தைய இரவுப் பணிக்கு வந்த நான் அதுவரை அங்கேயே இருந்தேன். பயணிகளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில், எர்ணாவூரில் எங்கள் வீட்டுக்குள் எண்ணெய் கலந்த வெள்ளம் புகுந்திருந்தது. அப்பாவுக்குப் போன் கிடைக்கவில்லை. அன்றைக்கு என்னிடம் வந்து, “உனக்கென்ன, ஏசியில் நிற்கிறாய்” என்று சொன்னவரின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

ராயபுரம் மோட்டார்மேன்

தங்கை, அந்த வெள்ளத்தில் எர்ணாவூர் பட்ட பாட்டை நான் நேரில் பார்த்தவன். காசிமேட்டிலிருந்து எங்கள் ஆட்கள் படகு கொண்டுவந்தார்கள். உங்கள் அட்டையைப் பிடித்து இழுத்தவருக்காக நான் தலைகுனிகிறேன். நான் கவுண்டரில் யாரையும் ஏசவில்லை. எஞ்சின் அறையில் வேலை செய்கிறவனுக்கு, மேல்தளத்தில் எடுக்கிற முடிவுக்குக் கீழே இருப்பவன் பொறுப்பல்ல என்பது தெரியும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், மனம் நோகாமல் பதில் சொல்லுங்கள். எங்களிடம் அரை மணி, அரை மணி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது, வரவேண்டிய விமானம் இன்னும் முந்தைய ஊரிலேயே நிற்கிறது என்று உங்கள் திரையில் தெரியுமா, தெரியாதா?

எர்ணாவூர்ப் பெண்

தெரியும்.

பல நேரம் தெரியும், அண்ணா. கொல்கத்தாவிலிருந்து இன்னும் கிளம்பவில்லை என்றால், இங்கே வந்து திரும்பக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும் என்று எங்களுக்குக் கணக்குத் தெரியும். ஆனால் மேலிருந்து அனுப்பும் நேரத்தைத்தான் நாங்கள் சொல்ல முடியும். காரணமும் சொல்வார்கள். மூன்று மணி நேரம் என்றால் பயணிகள் கலைந்து போய்விடுவார்கள். வேறு விமானம் திடீரென்று கிடைத்தால் அவர்களைத் திரட்ட முடியாது என்பார்கள். அதில் உண்மை உண்டு, அப்படி நடந்தும் இருக்கிறது. ஆனால் இரண்டு மணி நேரத் தாமதம் என்று அறிவித்துவிட்டால் உணவு தர வேண்டும், ஆறு மணி நேரத்துக்கு மேல் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

இதை இங்கே எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

மண்ணடி வணிகர்

அம்மா, நீங்கள் எழுதியது நல்லது. எந்த நிறுவனம் என்று யாரும் இங்கே கேட்க வேண்டாம். அந்தப் பெண்ணின் வேலை முக்கியம்.

இதைப் படித்த பிறகு என் பேச்சில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நான் தாமதத்துக்காக வாதாடினேன், மறைப்பதற்காக அல்ல. சரக்கு நாளைதான் வரும் என்று தெரிந்துகொண்டே வாடிக்கையாளரைக் கடை வாசலில் உட்காரவைத்து, இதோ வந்துவிடும் என்று நான் சொன்னால், அதற்குப் பெயர் மலிவு விலை வியாபாரமல்ல. எங்கள் வாப்பா அப்படிச் செய்தவனைக் கடையில் வைத்திருக்க மாட்டார். வரவேண்டிய விமானம் இப்போது எங்கே நிற்கிறது என்பதைப் பயணிகளுக்கும் காட்டலாம். அதற்கு டிக்கெட்டில் ஒரு ரூபாய்கூட ஏறாது.

இருக்கைச் சட்டம் மட்டும் வேண்டவே வேண்டாம். அதில் நான் மாறவில்லை.

பெரம்பூர் டீச்சர்

நானும் மாறவில்லை, பாய். ரயில்வேயைப் பாருங்கள்: வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால், போகாமல் இருந்து முழுப் பணத்தையும் கேட்கலாம். வண்டி எந்த நிலையத்தில் நிற்கிறது என்று போனிலேயே பார்க்கலாம். முன்னூறு ரூபாய் டிக்கெட்டுக்கு உள்ள மரியாதை இது. படுத்துக்கொண்டும் போகலாம். என் முட்டிக்கு இன்னும் இரண்டு அங்குலம் கேட்பதை நான் விடப்போவதில்லை.

ராயபுரம் மோட்டார்மேன்

அடுத்த கப்பலுக்கு 19-ஆம் தேதி கிளம்புகிறேன். விடியற்காலை 3.50 விமானம். அந்த நேரத்தில் மெட்ரோ கிடையாது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே காரில்தான் போக வேண்டும், அதனால் இரவு 11-க்கே வீட்டை விட்டு இறங்குவேன். தங்கை, அன்றைக்கு உங்களுக்கு இரவுப் பணியாக இருந்தாலும் என்னிடம் அடையாளம் காட்டிக்கொள்ள வேண்டாம். தாமதம் என்றால், உணவு எப்போது வரும் என்று இரண்டு மணி நேரம் ஆனதுமே கேட்கலாமா, அல்லது பணி மேலாளரிடம் நேராகப் போகட்டுமா? எது உங்களைப் போன்றவர்களுக்குச் சிக்கல் இல்லாதது?

எர்ணாவூர்ப் பெண்

உள்நாட்டுக் குறுகிய பயணம் என்றால் இரண்டு மணி நேரத் தாமதம். இரண்டரை முதல் ஐந்து மணி நேரப் பயணம் என்றால் மூன்று மணி நேரம். அதைவிட நீண்டது என்றால் நான்கு. அந்த நேரம் ஆனதும் எங்களிடமே கேளுங்கள், அண்ணா. தனியாக வராமல் நான்கு பேராக வந்து, சத்தம் போடாமல், விதியைச் சொல்லிக் கேளுங்கள். பயணிகள் எழுந்து வந்து கேட்கிறார்கள் என்று நாங்கள் மேலாளருக்குச் சொல்ல அது உதவும். அவர் கையெழுத்துப் போட்டால்தான் எங்களால் உணவுக் கூப்பன் தர முடியும்.

கைக்குழந்தைக்காரர்களை முன்னால் நிறுத்துங்கள். வெந்நீரை நாங்களே கொண்டுவந்து தருவோம், அதற்கு யாருடைய கையெழுத்தும் வேண்டாம்.