மறு: பட்டை அகலமா, வரியிடைவெளியா?

குழுவினருக்கு வணக்கம். பன்னிரண்டாம் வகுப்பு ஒளியியல் செய்முறைக் குறிப்பு வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. "பட்டை அகலம்" ஒன்றுதான் இடிக்கிறது. இரு நுண்பிளவுகள் வழியே வரும் ஒளி திரையில் பொலிவும் இருளுமான பட்டைகளாக விழும் இரட்டைப்பிளவு ஆய்வில், அது அடுத்தடுத்த இரு பொலிவுப் பட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தொலைவு. மாணவரோ சொல்லை நம்பி ஒற்றைப் பட்டையை அளக்கிறார். சோடிய ஒளி 589 நானோமீட்டர், பிளவுகளுக்கு இடையே 0.5 மில்லிமீட்டர், திரை 1 மீட்டரில். அலைநீளத்தைத் திரைத்தொலைவால் பெருக்கிப் பிளவுகளின் இடைவெளியால் வகுத்தால் விடை 1.18 மில்லிமீட்டர். ஒரு மாணவி 0.6 என்று அளந்துவிட்டு வாய்ப்பாட்டையே சந்தேகித்தாள். அவள் மேல் குற்றமில்லை. போதாக்குறைக்குத் தகவல் தொடர்புப் பாடத்திலும் ஒரு பட்டை அகலம் இருக்கிறது.

> "பட்டை அகலம்" ஒன்றுதான் இடிக்கிறது

வரியிடைவெளி என்று போடுங்கள் ஐயா. வரிப்புலி, வரிக்குதிரை எல்லாருக்கும் தெரியும். ஆங்கில மூலச் சொல்லான fringe என்பதற்குத் துணியோரத்துக் குஞ்சம் என்பதும் பொருள். நல்லவேளை, யாரும் "குஞ்ச அகலம்" என்று மொழிபெயர்க்கவில்லை.

> வரியிடைவெளி

வரி என்றதும் வருமான வரிதான் நினைவுக்கு வருகிறது. கீற்று இருக்கக் கவலை ஏன்? கூறு, கூற்று ஆனதுபோலக் கீறு, கீற்று ஆயிற்று. கீறல் வழியே புகுந்த ஒளி கீற்றாக விழுகிறது. பிளவைக் கீறல் என்றும் பட்டையைக் கீற்று என்றும் சொன்னால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. கீற்று + இடை = கீற்றிடை. உக்குறள் மெய்விட்டு ஓடிவிடும், சொல்லும் நான்கே எழுத்து.

> கீற்றிடை

கொடியிடை, மின்னிடை வரிசையில் இதுவுமா? வகுப்பில் எழும் சிரிப்பை யார் அடக்குவது? தென்னங்கீற்று வேறு குறுக்கே வரும்.

விளையாட்டு போதும். "இடைவெளி" என்பதிலும் சிக்கல் உண்டு. வாய்ப்பாட்டில் பிளவுகளின் இடைவெளி வகுக்கும் எண். அதைக் குறைத்தால் வரிகள் விலகும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் மாணவர் தலைகீழாகப் போடுவார். "வரித்தொலைவு" என்று மாற்றலாமென்றால் அங்கே திரைத்தொலைவு உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் "அகலம்" போகத்தான் வேண்டும். ஒவ்வொரு பிளவின் அகலமும் பட்டைகளைத் தள்ளி வைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அது மையத்திலிருந்து எத்தனை வரிகள் பொலிவோடு தெரியும் என்பதைத்தான் மாற்றும், இடைவெளியைத் தொடாது.

> "அகலம்" போகத்தான் வேண்டும்

வியாழன் வந்துவிட்டது. வரியிடைவெளி என்றே அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் மட்டும் "பாடநூலில் பட்டை அகலம்" என்று சேர்த்தேன். பதினொரு வரிகளை வரைந்து, முதல் மையத்திலிருந்து கடைசி மையம் வரை அளந்து பத்தால் வகுக்கும்படி படமும் போட்டிருக்கிறேன். உண்மையில் சொல்லைவிடப் படத்தைத்தான் நம்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

> வரியிடைவெளி என்றே அனுப்பிவிட்டேன்

என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். இதே அமைப்பை நீரில் மூழ்கவைத்தால் அலைநீளம் குறைந்து 1.18 என்பது 0.89 ஆகும். அதை "வரியிடைவெளி குறைந்தது" என்று எழுதிப் பாருங்கள். பிறகு "கீற்றிடை சிறுத்தது" என்று எழுதிப் பாருங்கள்.