எடிட்டர் தனி விண்டோவில், டெர்மினல் பின்னால்: புதியவர்கள் எங்கே மாட்டுகிறார்கள்?

#1
ஈமேக்ஸ், ஜிவிம் (விம் எடிட்டரின் தனி விண்டோ வடிவம்) ஆகிய உரை எடிட்டர்களை டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில் இருந்து திறப்பது பற்றி. மெனு, ஐகான் எல்லாம் ரெண்டு நாளில் பழகிவிடும். மாட்டுவது ஒரே இடத்தில்: எடிட்டர் மூடும்வரை டெர்மினல் காத்திருக்கிறதா இல்லையா என்பதில்.

லினக்ஸில் ஈமேக்ஸ் திறந்தால் காத்திருக்கும். கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் குறி (&) போட்டால் டெர்மினல் உடனே கைக்கு வரும். போட மறந்துவிட்டால், டெர்மினலில் கண்ட்ரோல்-இசட் அழுத்தி, அடுத்து பின்னணிக்கு அனுப்பும் 'பிஜி' (bg) என்று அடித்து என்டர். இந்த இரண்டுக்கும் நடுவே ஈமேக்ஸ் விண்டோ உறைந்து நிற்கும், ஓர் எழுத்தும் ஏறாது. பதற வேண்டாம், 'பிஜி' கொடுத்ததும் உயிர் வரும்.

#2
ஜிவிம் நேர் எதிர். திறந்த கையோடு டெர்மினலை விட்டுவிடும். வசதிதான், ஆனால் கிட்டுக்கு (கோப்பு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) எடிட்டராக வைத்தால் வம்பு. ஜிவிம் உடனே திரும்பியதால் எழுதி முடிந்தது என்று கிட் நினைத்துக்கொள்ளும். கமிட் செய்தி (மாற்றத்தைப் பதியும்போது எழுதும் குறிப்பு) காலி என்று சொல்லி ரத்து செய்துவிடும். விண்டோ மட்டும் அப்பாவியாகத் திறந்திருக்கும். கிட் அமைப்பில் ஜிவிம் என்பதோடு ஓர் இடைவெளி, ஒரு ஹைபன், சிறிய எஃப் சேர்த்தால் மூடும்வரை காத்திருக்கும்.

#3
@1 அதே கண்ட்ரோல்-இசட்டை டெர்மினலுக்குப் பதில் ஈமேக்ஸ் விண்டோவில் அழுத்தினால் விண்டோ மினிமைஸ் ஆகிவிடும். அன்டூ என்று நினைத்து அழுத்துபவர்கள்தான் அதிகம். கிராஷ் ஆனதாக நினைத்து இன்னொரு ஈமேக்ஸில் அதே கோப்பைத் திறந்து ஓர் எழுத்து தட்டியதும், கோப்பு பூட்டப்பட்டிருக்கிறது என்று கீழே எஸ் (பூட்டைப் பறி), பி (அப்படியே தொடர்), கியூ (விலகு) எது என்று கேட்கும். கியூ அழுத்திவிட்டுப் பழைய விண்டோவைத் தேடுங்கள். சேமிக்காத மாற்றங்கள் அங்கேதான் இருக்கின்றன. அன்டூவுக்கு கண்ட்ரோலோடு ஸ்லாஷ்.

இன்னொரு குழப்பம்: நாம் விண்டோ என்பதை ஈமேக்ஸ் ஃபிரேம் என்கிறது. அதன் அகராதியில் விண்டோ என்றால் உள்ளே பிரித்த பகுதி. உதவிப் பக்கம் படிக்கும்போது இதை மாற்றிப் படித்தால் ஒன்றும் புரியாது.

#4
எழுத்துரு. லினக்ஸ் ஜிவிம்மில் 'ஜியுஐஃபான்ட்' (guifont) என்ற எழுத்துரு அமைப்பின் மதிப்பில் பெயருக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி வரும். அந்த இடைவெளிக்கு முன் பின்சாய்கோடு போடாவிட்டால் பிழை. விண்டோஸில் இடைவெளி கிடையாது, கோலன், ஹெச், பிறகு எண். இதெல்லாம் வேண்டாம் என்றால் மதிப்பாக நட்சத்திரக் குறி கொடுங்கள், தேர்வுப் பெட்டியே வரும்.

தமிழ் நிறைய எழுதுபவர்களுக்கு ஈமேக்ஸ் 27 அல்லது அதற்குப் பிந்தையதே என் சிபாரிசு. எழுத்துகளைச் சரியாகக் கோத்து வரையும் ஹார்ஃப்பஸ் நிரலகத்தின் ஆதரவு அதில்தான் வந்தது, கொம்பும் காலும் இடத்தில் உட்காரும். ஜிவிம் எழுத்துகளை ஒரே அகலக் கட்டங்களில் அடைப்பதால் தமிழ் நெருக்கியடித்துத்தான் தெரியும்.

#5
எஸ்எஸ்ஹெச் (தொலைக் கணினியில் பாதுகாப்பாக நுழையும் இணைப்பு) வழியே தொலைக் கணினியில் இருந்து விண்டோவை இழுத்துவர வேண்டாம், ஒவ்வொரு எழுத்தும் தாமதமாக வரும். ஈமேக்ஸை உங்கள் கணினியிலேயே திறந்து, கோப்பை மட்டும் ட்ராம்ப் (தொலைக் கோப்புகளைத் திறக்க ஈமேக்ஸிலேயே உள்ள வசதி) மூலம் எடுங்கள்.