தண்ணீரில் வளரும் கீரைக்குத் தாதுச் சத்து ஏற்றலாமா?

மேடவாக்கம் மாடி:
மொட்டை மாடியில் ஹைட்ரோபோனிக்ஸ் முறையில், அதாவது மண்ணில்லாமல் சத்துக் கரைத்த தண்ணீரில், லெட்யூஸும் பாலக்கும் போடுகிறேன். கரைசலில் கால்சியத்தைக் கூட்டினால் இலை சீக்கிரம் துவளாது. இரும்பு, அயோடின், செலினியம் கூட்டினால் சத்தும் ஏறும். மண்ணில் கொட்டும் உரத்தில் வேருக்கு எவ்வளவு போகிறது என்று யாருக்குத் தெரியும்? இங்கே அளவு நம் கையில். 2019–21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4% பேருக்கு ரத்தசோகை. கீரையிலேயே சத்தை ஏற்றிக் கொடுத்தால் என்ன தப்பு?

அடையாறு கீரைப்பிரியை:
அந்த 53 சதவீதத்தில் எத்தனை பேர் சார் லெட்யூஸ் பாக்கெட் வாங்குகிறார்கள்? ஓஎம்ஆர் பக்கத்து வசதியான அடுக்ககங்களுக்குப் போகிற சரக்கு அது. தள்ளுவண்டியில் அரைக்கீரை கட்டு வாங்குகிறவர்களுக்கு உங்கள் கரைசலால் ஒரு பயனும் இல்லை. பாலக்கில் ஆக்சலேட் வேறு அதிகம். அதிலுள்ள கால்சியத்தில் பெரும்பகுதியை உடம்பு எடுத்துக்கொள்ளவே விடாது. அயோடினை உப்பிலேயே போட்டுத்தான் விற்கிறார்கள்.

பூந்தமல்லி பசுமைக்குடில்:
மேடம் சொல்வது சத்துக்குப் பொருந்தும், கெடாமல் இருப்பதற்குப் பொருந்தாது. செல் சுவர்களை ஒட்டவைக்கும் பெக்டினைக் கால்சியம் இறுக்கிப் பிடிக்கும். அதனால் இலை அழுகத் தாமதமாகும். ஆனால் மாடி அண்ணா, கரைசலில் கொட்டினால் மட்டும் போதாது. கால்சியம் வேரிலிருந்து தண்ணீரோடுதான் மேலே ஏறும், இலை ஆவியை வெளியேற்றினால்தான் நகரும். நம் ஊர் ஐப்பசி, கார்த்திகைப் புழுக்கத்தில் அந்த ஓட்டமே மந்தம். தொட்டியில் கால்சியம் நிறைய இருக்கும், உள்ளே விரிகிற குருத்திலையின் ஓரம் மட்டும் பழுப்பாகிக் கருகும். அங்கே உரத்தைக் கூட்டாமல் ஒரு ஃபேன் வையுங்கள். கால்சியம் மிஞ்சினால் பொட்டாசியமும் மெக்னீசியமும் உள்ளே போவது குறையும். வெயில் ஏறுமுன் அறுத்து உடனே குளிர வைக்காவிட்டால் எந்தத் தாதுவும் காப்பாற்றாது.

மேடவாக்கம் மாடி:
ஃபேன் யோசனை சரி, வைக்கிறேன். செலினியத்தை மட்டும் விட மனசில்லை. பின்லாந்தில் 1984-லிருந்து உரத்திலேயே கலக்கிறார்கள், மக்கள் உடம்பில் அளவு உயர்ந்தது. ஒரு நாடே செய்திருக்கிறதே!

அடையாறு கீரைப்பிரியை:
நாடு செய்தது, மாடி செய்யவில்லை. அங்கே மண்ணில் செலினியம் குறைவு. பயிரையும் ரத்தத்தையும் தொடர்ந்து சோதித்து, 1990-ல் உரத்தில் அளவைக் குறைத்தார்கள். நம் பஞ்சாபின் நவான்ஷஹர் பக்கம் மண்ணிலேயே செலினியம் மிகுந்து தொல்லையாக இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவை சுமார் 40 முதல் 55 மைக்ரோகிராம். 400-ஐத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்க வரம்பு, ஐரோப்பாவில் 255 தான். தொடர்ந்து மிஞ்சினால் முடி கொட்டும், நகம் உடையும். இத்தனை நுண்ணிய அளவை எதை வைத்து அளப்பீர்கள்? கரைசலின் மின்கடத்தலை அளக்கும் ஈசி மீட்டர் மொத்த உப்பைத்தான் காட்டும், அதில் செலினியம் தெரியவே தெரியாது. சித்திரை வெயிலில் தொட்டித் தண்ணீர் வற்றும்போது உங்கள் கணக்கும் மாறும். சல்பேட்டை உறிஞ்சும் வழியிலேயே செலினேட் என்ற செலினியம் உப்பையும் செடி உறிஞ்சும், போதும் என்று நிறுத்தத் தெரியாது.

மேடவாக்கம் மாடி:
அப்படியானால் ஒவ்வொரு அறுவடையிலும் இலையை லேப்பில் கொடுத்து, வந்த அளவைப் பாக்கெட்டில் அச்சிட்டு விற்கிறேன். அப்போது வாங்குவீர்களா?

அடையாறு கீரைப்பிரியை:
அச்சிட்ட அளவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் சார். அதுவரை கால்சியம் போட்ட லெட்யூஸ் மட்டும் கொடுங்கள், அதை வாங்கிக்கொள்கிறேன். ஆறு மாதக் கைக்குழந்தைக்குப் பாலக் மசித்து ஊட்டுகிற வீடுகளும் உங்கள் வாடிக்கையில் இருக்கும். அவர்களுக்குச் சொல்லாமல் ஒரு துளி செலினியமும் போடாதீர்கள்.