டவர் இல்லாத விமான நிலையத்தில் அடுத்தவரிடம் கேட்ட கேள்விக்கு நாம் பதில் சொல்லலாமா?

செஸ்னா மாணவன்:
அமெரிக்காவில் கட்டுப்பாட்டு டவர் இல்லாத, விமானிகளே ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் ஒரு சிறிய விமான நிலையத்தில், செஸ்னா என்ற சிறிய விமானத்தில் பயிற்சி பெறுகிறேன். நேற்று இறங்க வந்த ஒருவர், "ரன்வேயில் நிற்பவர் கிளம்புகிறாரா, காத்திருக்கிறாரா?" என்று ரேடியோவில் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற விமானத்திடமிருந்து சத்தமே இல்லை. நான் சொல்லலாமே என்று மைக்கை எடுத்தேன். பயிற்றுநர் கையைத் தட்டிவிட்டார். காரணம் கேட்டால் "குவின்சி விபத்தைப் படி" என்கிறார். உதவி செய்வதில் என்ன தவறு?

பழைய பயிற்றுநர்:
உங்கள் பயிற்றுநருக்கு ஒரு கும்பிடு. 1996 நவம்பர் 19, இல்லினாய் மாநிலத்தின் குவின்சி. பயணிகளுடன் பீச் 1900 என்ற விமானம் ஒன்று, ஓடுபாதை 13இல் இறங்க வருகிறது. அதைக் குறுக்கே வெட்டும் ஓடுபாதை 04இல் ஒரு கிங் ஏர், அதன் பின்னால் ஒரு செரோக்கி; இரண்டும் சிறிய விமானங்கள். நேற்று உங்கள் காதில் விழுந்த அதே கேள்வியை பீச் 1900 கேட்டது. கிங் ஏர் பேசவில்லை. செரோக்கி விமானி தன் பதிவெண்ணைச் சொல்லி, 04இல் புறப்படக் காத்திருப்பதாகச் சொன்னார். அந்த நொடியில் பீச் 1900க்குள் இருந்த எச்சரிக்கைக் கருவி "இருநூறு" என்று உயரத்தைக் கூவியது. பதிலில் ஒரு துண்டு அதில் அமுங்கிவிட்டது. அவர் சொன்னதில் "கிங் ஏர்" என்ற சொல் காதில் விழுந்தது. கிங் ஏரே பேசுகிறது, அது காத்திருக்கும் என்று நம்பி இறங்கினார்கள். கிங் ஏரோ புறப்பட ஓடத் தொடங்கியது. ஓடுபாதைகள் வெட்டும் இடத்தில் மோதல். இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தார்கள்.

செரோக்கிக்காரரைத் திட்டுவது எளிது. எனக்குக் கோபம் பேசாதவர்கள் மேல்தான். விசாரணையும் கிங் ஏர் விமானிகள் அலைவரிசையைக் கவனிக்காததையும் சுற்றிலும் சரியாகப் பார்க்காததையும்தான் முதலில் வைத்தது. செரோக்கியின் பதில் துணைக் காரணம்.

பேசியே ஆக வேண்டுமென்றால் பதிவெண்ணை மட்டும் சொல்லாதீர்கள். தூரத்தில் வருபவருக்கு அது தெரியாது. "வெள்ளை செஸ்னா, ரன்வேக்கு வெளியே நிற்கிறேன், ரன்வேயில் இருப்பவன் நான் அல்ல" என்று சொல்லுங்கள்.

வார இறுதி விமானி:
நிலையத்தின் பெயரைத் தொடக்கத்திலும் முடிவிலும் சொல்லுங்கள். 122.8 என்ற ரேடியோ அலைவரிசையைப் பல நிலையங்கள் பகிர்ந்துகொள்கின்றன. பக்கத்து ஊர்க்காரர் பேசுவதைக் கேட்டு நம் ஊர் என்று நினைத்துவிடுவோம். "அருகில் யாராவது இருந்தால் சொல்லுங்கள்" என்று பொதுவாகக் கேட்கும் பழக்கமும் வேண்டாம். அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏவின் கையேடே அதைக் கூடாது என்கிறது. நாலு பேர் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் மிஞ்சுவது கீச்சொலிதான்.

செஸ்னா மாணவன்:
நன்றி. அப்படியானால், இறங்குபவருக்குப் பதிலே வராவிட்டால்?

பழைய பயிற்றுநர்:
இறங்காமல் மேலேறி மறுபடி சுற்றி வர வேண்டியதுதான். ரேடியோவே இல்லாத பழைய பைப்பர் கப் விமானம்கூட இத்தகைய நிலையங்களில் சட்டப்படி வந்து போகலாம். எத்தனை முறை கேட்டாலும் அது பேசாது.