சமையலறைச் சுவருக்கு இரும்புப் பாத்திரத் தாங்கி: வெல்டிங் இல்லாமல் அடித்துச் செய்ய முடியுமா?

கொசப்பேட்டை ஞாயிறு:

வணக்கம். ராணிப்பேட்டையில் கணக்கு எழுதுகிற வேலை. ஞாயிறு வந்தால் மொட்டைமாடியில் இரும்பு அடிப்பேன். உலை என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழைய லாரி பிரேக் டிரம், கையால் சுற்றும் ப்ளோயர், சீமைக்கருவேலங் கரி. புளியங்கட்டையில் செங்குத்தாக இறக்கிய ஆக்சில் துண்டுதான் பட்டடை. இதுவரை கொக்கி, கொண்டி, ஒரு தோசைத்திருப்பி என்று சில்லறை வேலைதான்.

இப்போது அம்மா கேட்பது மூன்றடி நீளத்தில், சுவரில் மாட்டுகிற பாத்திரத் தாங்கி. யூடியூபில் வருவதெல்லாம் நீளக் காம்பு வைத்த சட்டிகளுக்கானவை. நம் குண்டானுக்கும் அடுக்குக்கும் காம்பு ஏது, கொக்கியில் எதை மாட்ட? அதனால் மேலே அவை உட்கார ஒரு தட்டு, கீழே தோசைக்கல்லும் இருப்புச்சட்டியும் தொங்கக் கொக்கிகள் என்று வரைந்து வைத்திருக்கிறேன். எல்லாம் ஏற்றினால் 25 கிலோ வரும்.

என்ன கனத்தில் பட்டை வாங்குவது? வெல்டிங் மெஷின் இல்லை, வாங்குகிற எண்ணமும் இல்லை. ரிவிட் (துளையில் செருகி முனையை அடித்துத் தலை கட்டும் ஆணி) தாங்குமா? வீடு கட்டியபோது மிஞ்சிய டிஎம்டி கம்பி கிடக்கிறது, அதில் கொக்கி செய்யலாமா? சமையலறைச் சுவர் தாத்தா காலத்துச் செங்கல், சுண்ணாம்புச் சாந்து. "சுவரோடு பேர்ந்து என் தலையில் விழாமல் இருந்தால் சரி" என்று அம்மா இப்போதே ஆரம்பித்துவிட்டார்.

குடியாத்தம் பட்டறை:

தம்பி, ரிவிட் தாராளமாகத் தாங்கும். எங்கள் நைனா வண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போட்டவர். பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் இரும்பு சுருங்கிக் கட்டையைக் கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான். அந்தப் பட்டறையில் வெல்டிங் என்ற பேச்சே கிடையாது.

25க்கு 6 எம்எம் பட்டை வாங்கு, மீட்டருக்கு 1.2 கிலோ போல வரும். நீளவாக்கில் போகிற இரண்டு பட்டைகளையும் படுக்கவைக்காதே, நிமிர்த்தி வை. படுக்கவைத்தால் நாலு மாதத்தில் தொட்டில் மாதிரி தொங்கும். குறுக்கே போகிற சின்னத் துண்டுகள் படுத்திருக்கலாம்.

ரிவிட்டுக்கு 6 எம்எம் ராடு. துளைக்கு வெளியே ஒன்றரை மடங்கு, அதாவது 9 எம்எம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். குறைந்தால் தலை கட்டாது, கூடினால் ஒரு பக்கமாகச் சாயும். பழுத்த ராடைச் செருகி, முதலில் நேராக நாலு அடி கொடுத்துத் துளைக்குள் உப்பவிடு. தலையை உருட்டுவது அப்புறம். எடுத்த எடுப்பில் தலையை உருட்டுகிறவர்கள் வேலைதான் பின்னால் ஆடும்.

டிஎம்டி வேண்டாம். அடித்தால் அந்த முண்டுகளெல்லாம் மடிந்து உள்ளே பதியும், அங்கிருந்துதான் கீறல் விடும். கொக்கிக்கு 8 எம்எம் ஸ்கொயர் ராடு எடு. நுனியைக் கூராக்கும்போது முதலில் சதுரமாகவே இழு, பிறகு மூலைகளைத் தட்டி எட்டு முகம், கடைசியில்தான் உருண்டை. நுனிச் சுருளை முதலில் மடக்கிவிட்டு, அதற்கு எதிர்ப்பக்கமாகப் பெரிய வளைவு. ராடு எவ்வளவு வெட்டுவது என்று மண்டையைப் போட்டு உடைக்காதே. கட்டுக்கம்பியில் அதே வடிவத்தை வளைத்துப் பார்த்து, நிமிர்த்தி அளந்துகொள்.

மொட்டைமாடி என்கிறாய். பகல் வெயிலில் பழுத்த நிறம் கண்ணுக்குத் தெரியாது. ஆரஞ்சுதானே என்று விட்டுவைத்திருப்பாய், அது பொறி பறக்கிற அளவுக்குப் போய் இரும்பே எரிந்திருக்கும். தகரத்தையாவது சாய்த்து நிழல் கட்டு, இல்லை பொழுது சாய்ந்து அடி. ஓசியில் கிடைக்கிறதே என்று துத்தநாகம் பூசிய ஜிஐ பைப்பை மட்டும் உலையில் வைத்துவிடாதே. துத்தநாகப் புகை குளிர்ஜுரத்தில் கொண்டுபோய் விடும்.

ஆற்காடு அடுப்படி:

செய்கிறவர்கள் பேசியாயிற்று, துலக்கி மாட்டுகிறவள் பேசுகிறேன். ஓரடி அகலத் தோசைக்கல்லைச் சுவரைப் பார்த்தாற்போல மாட்டினால் மூன்றடியில் மூன்றே கல்தான். கொக்கியின் நடுவில் ஒரு கால் சுற்று முறுக்குங்கள். கல் பக்கவாட்டில் திரும்பித் தொங்கும், அதே இடத்தில் ஆறேழு மாட்டலாம். அதற்குக் கொக்கிப் பட்டை சுவரிலிருந்து ஏழு அங்குலமாவது தள்ளி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கல் சுவரில் இடிக்கும். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் மாட்டாதீர்கள். தாளிக்கிற எண்ணெய்ப் புகையெல்லாம் தட்டில் பிசுக்காக ஏறும், அப்புறம் உங்கள் அம்மா உங்களைத்தான் தேய்க்கச் சொல்வார்.

துருவுக்குப் பெயின்ட் வேண்டாம், பாத்திரம் உரசி உரசி உரியும். கம்பி பிரஷ்ஷால் செதிலைத் தேய்த்துவிட்டு, தொட முடியாத சூட்டில் ஆளிவிதை எண்ணெயை மெல்லிசாகத் துடைத்துவிடுங்கள். தேங்காய் எண்ணெய் உலராது. பிசுபிசுவென்றே நின்று தூசியைப் பிடிக்கும்.

கொசப்பேட்டை ஞாயிறு:

ரொம்ப நன்றி அண்ணே, நன்றி அக்கா. கொக்கியை முறுக்கும் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை. ஸ்கொயர் ராடு என்பதால் முறுக்கு பார்க்கவும் அழகாக இருக்கும். சுவர்தான் பாக்கி. ஆங்கர் போல்ட் அடிக்கலாமா?

சத்துவாச்சாரி சைட்:

பழைய சுண்ணாம்புச் சுவரில் விரிகிற ஆங்கர் போல்ட்டா, வேண்டவே வேண்டாம். இறுக்க இறுக்கச் செங்கல் பிளக்கும்.

முதலில் தாங்கியின் காலை, அதாவது சுவரோடு ஒட்டி நிற்கிற பட்டையை, உயரமாக்குங்கள். பாரம் சுவரிலிருந்து 18 செ.மீ. தள்ளி, மேல் போல்ட்டுக்கும் கால் சுவரில் ஊன்றும் அடிமுனைக்கும் இடைவெளி 30 செ.மீ. என்றால், 25 கிலோவுக்கு மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கிற விசை 15 கிலோ. இரண்டு கால்களுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஏழரை. காலை 15 செ.மீ. ஆக்கினால் அதே இழுப்பு இரண்டு மடங்காகும். பட்டையை நிமிர்த்தச் சொன்னாரே குடியாத்தத்துக்காரர், அதுவும் கணக்குப்படி சரிதான்: 25க்கு 6 பட்டை படுத்திருப்பதைவிட நிமிர்ந்தால் 17 மடங்கு விறைப்பு.

சுவரின் மறுபக்கம் கை எட்டுமானால் 10 எம்எம் நூல்வெட்டிய ராடை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வரை செலுத்தி, வெளியே நாலங்குல இரும்புத் தகடு வைத்து நட்டுப் போடுங்கள். பழைய சுவருக்கு இதைவிட நம்பகமானது கிடையாது. மறுபக்கம் பக்கத்து வீடு என்றால் துளையில் சல்லடைக் குழாய் வைத்துக் கெமிக்கல் ஆங்கர், அதாவது பசை நிரப்பி ராடைப் பிடிக்கவைப்பது. எப்படியானாலும் டிரில்லை இடித்துத் துளைக்கிற ஹேமர் முறையில் போடாமல், சாந்தில் இல்லாமல் செங்கல்லின் நடுவில் துளையிடுங்கள். சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள், ராடு நீளம் போட்டுத் தருகிறேன்.