காந்தம் வேலையே செய்யாதுன்னா, சைக்ளோட்ரானின் ஆற்றல் சூத்திரத்தில் அது ஏன் இருக்கு?

கயல்_12:
காந்த விசை எப்பவும் திசைவேகத்துக்குச் செங்குத்து, அதனால அது செய்யுற வேலை சுழி. இது புரியுது. ஆனா சைக்ளோட்ரான்ல (மின்னூட்டத் துகளை வட்டமா சுத்த விட்டு வேகமாக்குற கருவி) கடைசியா கிடைக்கிற இயக்க ஆற்றல் சூத்திரத்துல மின்னூட்டம், காந்தப்புலம், ஆரம் மூணோட இருமடியும் மேலே, நிறை கீழே. மின்னழுத்தம் எங்கேயுமே இல்லை! வேலை செய்யுற மின்புலத்தைக் காணோமே, எப்படி?

சுண்ணக்கட்டி:
கேட்க வேண்டிய கேள்விம்மா இது. பாதிப் பேர் சூத்திரத்தை மனப்பாடம் பண்ணிட்டுப் போயிடுறாங்க.

ஆற்றல் கிடைக்கிறது இரண்டு டீக்களுக்கு (D எழுத்து வடிவ, உள்ளே வெற்றான உலோகப் பெட்டிகள்) நடுவுல உள்ள இடைவெளியில மட்டும்தான். டீக்குள்ள மின்புலம் கிடையாது. புரோட்டான் வேகம் கூடாம அரைவட்டம் அடிச்சு மறுபடி இடைவெளிக்கு வரும். திருப்பி விடுறது காந்தம்.

1932-ல் பெர்க்லியில் லாரன்ஸும் லிவிங்ஸ்டனும் செஞ்ச 11 அங்குலக் கருவியை எடுத்துக்கோ. டீக்களில் சுமார் 4,000 வோல்ட்தான். புரோட்டான் எட்டினது 12 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் (ஒரு வோல்ட்டைத் தாண்டினா புரோட்டானுக்குக் கிடைக்கிற ஆற்றல்தான் ஒரு எலக்ட்ரான் வோல்ட்)! ஏறக்குறைய 150 சுற்று, சுற்றுக்கு இரண்டு தாண்டல், தாண்டலுக்கு 4,000. பெருக்கிப் பார். இப்போ மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினா ஆரம் சீக்கிரம் வளர்ந்து 75 சுற்றுலயே விளிம்புக்கு வந்துடும், ஆற்றல் அதேதான். மின்னழுத்தம் கூடினா சுற்று குறையும், அதனால சூத்திரத்துல அடிபட்டுப் போகுது. இவ்வளவு ஆரத்துக்குள்ள எவ்வளவு உந்தம் வரை வளைச்சு வைக்க முடியும்னு காந்தம் எல்லை போடுது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது நேரக் கணக்கு. சின்ன வட்டமோ பெரிய வட்டமோ, சுற்றுக்கு ஒரே நேரம். 1 டெஸ்லாவில் புரோட்டான் நொடிக்கு ஏறத்தாழ 1.5 கோடி சுற்று. அதனாலதான் டீக்களுக்குக் கொடுக்கிற மாறுதிசை மின்னழுத்தத்துக்கு ஒரே அதிர்வெண் போதுமா இருக்கு.

ஐசோடோப்_பிரிவு:
வேகம் குறைவா இருக்கும்வரைதான் அந்த ஒரே நேரம், சார். ஒளிவேகத்தை நெருங்க நெருங்க சுற்று தாமதமாகும். விளிம்புப் பக்கம் புலத்தைக் கூட்டி அதை ஈடுகட்டுவாங்க. பெட் (PET) ஸ்கேனுக்கு வேண்டிய கதிரியக்க ஃபுளோரின்-18 எடுக்கிறதும் சைக்ளோட்ரான்லதான்.

கயல்_12:
நன்றி சார்! காந்தப்புலமே நேரத்தோட மாறினா? அப்பவும் சுழிதானா?

சுண்ணக்கட்டி:
காந்த விசையோட வேலை அப்பவும் சுழிதான். ஆனா மாறுற காந்தப்புலம் சுழல் மின்புலத்தை உண்டாக்கும், ஃபாரடே விதி. 1940-ல் இல்லினாய்ஸில் கெர்ஸ்ட் செஞ்ச, எலக்ட்ரானை வேகமாக்குற பீட்டாட்ரான் கருவியில டீயும் இல்லை, இடைவெளியும் இல்லை. புலம் ஏற ஏற எலக்ட்ரான் 23 லட்சம் எலக்ட்ரான் வோல்ட் வரை போச்சு. தள்ளினது அந்தச் சுழல் மின்புலம். ஆற்றல் வந்தது காந்தச் சுருளுக்கு மின்சாரம் கொடுத்த மூலத்திலிருந்து. எலக்ட்ரான் அதே ஆரத்துல சுத்தணும்னா, பாதையில உள்ள புலம் உள்ளே இருக்கிற சராசரிப் புலத்துல பாதியா இருக்கணும். வருவிச்சுப் பாரும்மா, நாலஞ்சு வரிதான். மாட்டிக்கிட்டா இங்கேயே எழுது.