தாமிரபரணியின் மேல் சிறுவிமானப் பயணம்: எந்த வழி, எந்த மாதம்?

கேள்வி: அம்பை வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரத்தில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். என் தம்பியின் மகன் தனியார் விமானி உரிமம் பெற்றிருக்கிறான். தான் பயின்ற சங்கத்தின் செஸ்னா 172 விமானத்தில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து என்னையும் என் தங்கையையும் ஏற்றிக்கொண்டு நம் சீமையைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்கிறான். "எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று நீங்களே வழி போட்டுக் கொடுங்கள் அத்தை, பறக்க முடியுமா என்று நான் பார்க்கிறேன்" என்று அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறான்.

ஐந்து வகை நிலமும் ஒரே மாவட்டத்தில் அமைந்தது பழைய திருநெல்வேலிச் சீமை என்று ஆண்டுதோறும் மாணவர்களுக்குச் சொல்லி வந்தவளுக்கு, அதை மேலிருந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறேன். மதுரையிலிருந்து தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்துக்கு வந்து, அங்கிருந்து ஆற்றின் போக்கிலேயே மேற்கே பாபநாசம் சென்று, பொதிகையைக் கடந்து திருவனந்தபுரத்தில் இறங்க வேண்டும். பிறகு கடற்கரையை ஒட்டிக் கன்னியாகுமரி, கூடங்குளம், உவரி, மணப்பாடு, திருச்செந்தூர் வழியாக மீண்டும் வாகைக்குளம். வாகைக்குளத்திலிருந்து திருவனந்தபுரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்தான்; வாகைக்குளத்தில் தொடங்கி அங்கேயே முடியும் வட்டம் முழுவதும் 300 கிலோமீட்டருக்குச் சற்று மேல் வருகிறது.

இந்த வட்டம் நடைமுறைக்கு ஒத்துவருமா? தை மாதம் நல்லதா, பங்குனி நல்லதா? கயத்தாற்றில் போர்க்காலத்துப் பழைய ஓடுபாதை ஒன்று கிடக்கிறதே, அங்கே இறங்கிப் பார்க்க முடியுமா? எந்த உயரத்தில் பறந்தால் அணைக்கட்டுகளும் செம்மணல் தேரியும் தெளிவாகத் தெரியும்? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பாளை விமானி

வணக்கம் டீச்சர். உங்கள் வட்டத்தின் மேற்குப் பாதி மிக நல்ல வழி. தெற்குப் பாதியை விட்டுவிட வேண்டும் என்பதே என் கருத்து.

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் மேல் பறக்கத் தடை உண்டு. அதற்கு வடமேற்கே மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், வடக்கே விஜயநாராயணத்தில் கடற்படையின் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் தளம், கரையோரமாகக் குலசேகரன்பட்டினத்தில் எழுந்து வரும் ராக்கெட் ஏவுதளம் என்று அந்த மூலை முழுவதுமே பாதுகாப்புக்கு உரிய இடங்களாக இருக்கிறது. இவற்றை ஒதுக்கிப் போவதற்காகக் கடலுக்குள் வெகுதூரம் விலகுவது ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு ஏற்றதல்ல. எஞ்சின் நின்றுபோனால் செஸ்னா 172 தன் உயரத்தைப் போல ஒன்பது மடங்கு தூரம் சறுக்கி வரும். 5,000 அடியில் பறந்துகொண்டிருந்தால் அது 13, 14 கிலோமீட்டர். அதற்குள் கரை இருந்தாக வேண்டும். ஆகவே வட்டத்தை மறந்துவிட்டு, வாகைக்குளத்தை நடுவாக வைத்து மலைக்கு ஒரு பறப்பு, கடலுக்கு ஒரு பறப்பு என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மலைப் பறப்பு காலை நேரத்துக்கு உரியது. ஏழு மணி அளவில் வாகைக்குளத்திலிருந்து கிளம்பி மேற்கே போனால் வெயில் முதுகுப்பக்கம் இருக்கும். மலையின் கிழக்குச் சரிவு முழுவதும் வெளிச்சத்தில் தெரியும். பத்து மணிக்கு மேல் தரை சூடேறிக் காற்று கொதிக்கத் தொடங்கும், மலை உச்சிகளில் மேகம் கட்டும். திருநெல்வேலியைத் தாண்டும் வரை 2,500 முதல் 3,000 அடி உயரம் போதும். அந்த உயரத்தில் வரப்பு, வாய்க்கால், கோயில் கோபுரம் எல்லாம் தனித்தனியாகத் தெரியும்.

உங்கள் தம்பி மகன் கவனிக்க வேண்டிய இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. பாபநாசத்திலிருந்து பொதிகையின் உச்சியான அகத்தியர் மலை நேர்கோட்டில் 17 கிலோமீட்டர் அளவே இருக்கும். மலையின் உயரமோ 1,868 மீட்டர், அதாவது 6,100 அடிக்கு மேல். மூன்று பேரை ஏற்றிய செஸ்னா 172 நிமிடத்துக்கு 500, 600 அடி வீதம் ஏறினாலே நல்லது. அந்தத் தூரத்தைக் கடக்கும் ஏழெட்டு நிமிடத்தில் 4,000 அடி ஏறுவதே அரிது. ஆற்றைப் பார்த்துக்கொண்டே தாழப் பறந்து காரையாறு அணைப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்துவிட்டால் மூன்று பக்கமும் மலை எழுந்து நிற்கும், திரும்புவதற்கு இடம் இருக்காது. எனவே சேரன்மகாதேவியைத் தாண்டியதும் ஏறத் தொடங்கி, அம்பாசமுத்திரத்துக்கு மேலேயே சில சுற்றுகள் சுற்றி 8,000 அடியை எட்டிய பிறகே மேற்கே திரும்ப வேண்டும். அந்தச் சுற்றுகளில் உங்கள் ஊரையும் மணிமுத்தாறு அணையையும் நன்றாகப் பார்த்துக்கொள்ளலாம். மலை விளிம்பை நேராகச் செங்குத்தாக அணுகாமல் சாய்வாக அணுகினால், காற்று கீழே அமுக்கும்போது உடனே சமவெளிப் பக்கம் விலகிவிட முடியும்.

ஆனி முதல் ஆவணி வரை இந்தப் பறப்பை நினைத்தே பார்க்காதீர்கள். மேல்காற்று மலையைத் தாண்டி நம் பக்கம் விழும் காலம் அது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியே பீறிட்டு வருகிற காற்றும், மலையின் மறைவில் சுருண்டு புரளும் காற்றும் சிறுவிமானத்தை உலுக்கி எடுத்துவிடும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நிறுத்தியிருப்பதே அந்த வேகத்தை நம்பித்தான். தை மாதத்தில் வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மலைமேல் மோதுவதால் ஏறுகிற பக்கம் தூக்கிக் கொடுக்கும். கேரளப் பக்கம் இறங்கும்போதுதான் அமுக்கும். நெய்யாறு நீர்த்தேக்கம் தெளிவாகக் கண்ணில் படும் வரை உயரத்தைக் குறைக்காமல் போகச் சொல்லுங்கள். திருவனந்தபுரத்தில் இறங்கி ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, மேகம் கட்டுவதற்குள் அதே உயரத்தில் திரும்பிவிட வேண்டும்.

கயத்தாற்று ஓடுபாதை இப்போது பயன்பாட்டில் இல்லாதது. மதுரையிலிருந்து வரும் வழியில் சற்று மேற்கே ஒதுங்கி மேலிருந்து பார்க்கலாம், இறங்க முடியாது. வாகைக்குளத்தில் 1,351 மீட்டராக இருந்த ஓடுபாதை இப்போது 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. செஸ்னாவுக்கு அதில் ஒரு சிறு பகுதியே போதும்.

எடையையும் சொல்லிவிடுகிறேன். நான்கு இருக்கை இருப்பதால் நான்கு பேர் போகலாம் என்று யாராவது உறவினர் கேட்பார்கள். செஸ்னா 172எஸ் விமானத்தின் மொத்த எடை 1,157 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எரிபொருளை முழுவதும் நிரப்பினால் ஆட்களுக்கும் பைகளுக்கும் சேர்த்து 250 கிலோ அளவே மிஞ்சும். எனவே மூன்று பேர்தான். பயணிகள் விமானத்துக்கு ஊற்றும் எரிபொருள் இதற்கு ஆகாது, இதற்கு உரியது அவ்காஸ். மணிக்கு 35 லிட்டர் செலவானாலும் முழுத் தொட்டியில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் பறக்கலாம் என்பதால், புறப்படும்போதே திரும்புவதற்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது. பறப்புத் திட்டம், வான் பாதுகாப்பு அனுமதி எண், ஒவ்வொரு நிலையத்திலும் இறங்குவதற்கான முன் அனுமதி ஆகியவை இல்லாமல் கிளம்பக் கூடாது. கருவிகளை நம்பாமல் கண்ணால் பார்த்தே பறக்கும் விதிப்படி போவதால் பொழுது சாய்வதற்குள் தரையில் இருக்க வேண்டும்.

பதில்: பொருநைக்கரை

விமானி அண்ணாச்சி வழியைச் சொல்லிவிட்டார். பொதுப்பணித் துறையில் வாய்க்கால் வாய்க்காலாக நடந்து வேலை பார்த்தவன் நான். அந்த வழியில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலில் சேரும் வரை ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடும் இந்த ஆற்றில் எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. கோடைமேலழகியானில் தொடங்கி நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று இறங்கி ஸ்ரீவைகுண்டத்தில் முடியும் வரிசை அது. கடைசியில் உள்ளது மட்டும் ஆங்கிலேயர் காலத்தது, மற்றவை அதற்கும் முந்தையவை. தரையில் நின்று பார்ப்பவருக்கு ஒவ்வோர் அணைக்கட்டும் தண்ணீர் வழியும் ஒரு கல்வரம்பு மட்டுமே. மேலிருந்து பார்க்கும்போதுதான் அந்த வரம்பு ஆற்றை எந்த இடத்தில் மடக்கி, எவ்வளவு தூரத்து நிலத்துக்குக் கொண்டுபோகிறது என்பது புரியும்.

மருதூர் அணைக்கட்டுக்கு வந்ததும் உங்கள் தம்பி மகனை ஒருமுறை வட்டமடிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து பிரியும் மேலக்காலும் கீழக்காலும் ஆற்றுக்கு இருபுறமும் கோடு கிழித்தாற்போலப் போகும். கோட்டுக்கு ஆற்றுப் பக்கம் நெல்லும் வாழையும் இடைவெளியே இல்லாமல் பச்சையாக இருக்கும்; மறுபக்கம் அடுத்த அடியிலேயே உடைமரமும் வெறும் தரையும் தொடங்கிவிடும். வாய்க்காலின் முடிவில் குளம், அந்தக் குளத்தின் மறுகாலில் வழிந்தது அடுத்த குளத்துக்கு என்று சங்கிலியாக நீளும் அமைப்பைக் கடம்பாகுளம் வரை கண்ணாலேயே தொடர்ந்து போகலாம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, கரைகள் உடைந்து ஒரு குளத்து நீர் மறு குளத்தையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனதற்கு இந்தச் சங்கிலி அமைப்பும் ஒரு காரணம். அதன் நன்மையும் ஆபத்தும் ஒன்றாக இருப்பது மேலிருந்து பார்த்தால் விளங்கும்.

இதனால்தான் தை மாதத்தைச் சொல்கிறேன். வடகிழக்குப் பருவமழை முடிந்து குளங்கள் நிறைந்திருக்கும், பிசான நெற்பயிர் பச்சை மாறாமல் நிற்கும். பங்குனியில் போனால் அறுவடை முடிந்த தாளடிகளையும் வற்றிய குளங்களையும்தான் பார்ப்பீர்கள். ஒரு வேண்டுகோளும் உண்டு: கூந்தன்குளத்துப் பக்கம் போக வேண்டாம். தையில் அங்கே பறவைகள் கூடு கட்டும் காலம். அவற்றுக்கும் தொந்தரவு, விமானத்துக்கும் ஆபத்து.

பதில்: உப்பளத்தார்

தையில் வயல் நன்றாக இருக்கும் என்பது சரி, ஆனால் உப்பளம் இருக்காது. மழைநீரை வெளியேற்றி, பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலைதான் அப்போது நடக்கும். மேலிருந்து பார்த்தால் சேற்றுக் கட்டங்கள்தான் தெரியும். மாசி பிறந்த பிறகுதான் உப்பு விளைந்து அம்பாரங்கள் எழத் தொடங்கும். அப்போது நீரின் செறிவுக்கு ஏற்ப ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு நிறமாக இருக்கும்: கடல்நீர் ஏற்றிய பாத்தி பச்சை கலந்து தெரியும், செறிந்த நீர் நிற்கும் பாத்தி இளஞ்சிவப்பாக மாறும், உப்புப் படிந்தது வெளுத்துக் கிடக்கும். உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்து நிற்பது தமிழ்நாடு, அதில் பெரும்பங்கு எங்கள் கடற்கரையில் விளைவது. அதைப் பார்க்காமல் இந்தச் சீமையைப் பார்த்ததாகச் சொல்லக் கூடாது என்பது என் எண்ணம். மாசி முதல் வாரத்தில் வந்தால் குளத்தில் தண்ணீரும் மிச்சம் இருக்கும், பாத்தியில் உப்பும் தொடங்கியிருக்கும்.

கடல் பறப்பை மாலை நான்கு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாகைக்குளத்திலிருந்து தூத்துக்குடி உப்பளங்களுக்கு வந்து, வான் தீவைக் கரையிலிருந்தே பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினால் புன்னைக்காயல் முகத்துவாரம் வரும். அங்கிருந்து உள்ளே பார்த்தால் கொற்கை. கப்பல் வந்து முத்து ஏற்றிய துறைமுகம் இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வாழைத் தோட்டங்களுக்கு நடுவில் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையை எவ்வளவு தூரம் தள்ளிவிட்டது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் வேறில்லை. திருச்செந்தூர்க் கோபுரத்தில் மேற்கே திரும்பினால் காயாமொழிக்கு அப்பால் குதிரைமொழித் தேரி. சாய்ந்த வெயிலில் அந்தச் செம்மணல் மேடுகளின் மடிப்புகள் நிழலோடு தெரியும். நண்பகலில் பார்த்தால் வெறும் சிவப்புத் தரையாகத்தான் இருக்கும்.

அம்பை வாசகி

மூவருக்கும் மிக்க நன்றி. வட்டத்தை விட்டுவிட்டேன், மாசி முதல் வாரத்தையே வைத்துக்கொள்கிறோம். இரண்டு சிறு ஐயங்கள் மட்டும். என் தங்கைக்குப் பேருந்தில் மலைப்பாதையில் போனாலே குமட்டல் வரும். அவளை எந்த இருக்கையில் உட்கார வைப்பது? திருச்செந்தூரில் திரும்பிவிட்டால் மணப்பாடு கண்ணில் படாமலே போய்விடுமா?

பாளை விமானி

உங்கள் தங்கையை முன்னால் விமானிக்கு வலப்பக்கம் உட்கார வையுங்கள். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் குமட்டல் குறையும். பின்னிருக்கையில் குனிந்து தரையையே பார்ப்பவர்களுக்கும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே வருபவர்களுக்கும்தான் அதிகம் வரும். வெறும் வயிற்றோடும் வேண்டாம், நிறையச் சாப்பிட்டும் வேண்டாம். இரண்டு இட்லி போதும். மாத்திரை தேவையா என்பதை அவருடைய மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். செஸ்னா 172 இறக்கை மேலே அமைந்த விமானம் என்பதால் பின்னிருக்கையிலிருந்தும் கீழே நன்றாகத் தெரியும், நீங்கள் எதையும் இழக்க மாட்டீர்கள்.

முதல் நாள் பிற்பகல் மதுரையிலிருந்து வந்து இறங்கிக் கடல் பறப்பை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை மலைக்குப் போவது நல்லது. முதல் பறப்பு சமவெளியிலும் கரையிலும் அமைந்தால் அவருக்கும் பழகிவிடும். மணப்பாட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். திருச்செந்தூருக்கு மேல் 3,000 அடியில் திரும்பும்போது தெற்கே 20 கிலோமீட்டருக்குள்தான் அது இருக்கும். வானம் தெளிவாக இருந்தால் தேவாலயம் நிற்கும் மணல்மேடும் கடலுக்குள் நீளும் முனையும் தெரியும். இடப்பக்கமாகத் திரும்பினால் விமானிக்குத்தான் அது தெரியும். தெற்குப் பார்த்துச் சென்று வலப்பக்கமாக மேற்கே மெல்லத் திரும்பச் சொல்லுங்கள், முன்கண்ணாடி வழியாக முதலில் மூவருக்கும் தெரியும். திரும்பி முடித்த பிறகு இடப்பக்கச் சன்னலில் சிறிது நேரம் நிற்கும் என்பதால் நீங்கள் பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்துகொள்ளுங்கள்.